எட்டு வாரம், ஒரே உணவு: முத்துவின் அரிப்புக்குக் காரணம் தேடிய கதை

இரவு இரண்டு மணி இருக்கும். கட்டிலுக்கு அருகிலிருந்து ‘சளப், சளப்’ என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், முத்து தன் முன்னங்கால் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தான். “போதும்டா” என்றேன். நிறுத்தினான். விளக்கை அணைத்ததும் மறுபடியும் தொடங்கினான். காலையில் பார்த்தபோது விரல்களுக்கு இடையே தோல் சிவந்திருந்தது. வெள்ளை ரோமம் துரு ஏறியதுபோல் பழுப்பு நிறமாகியிருந்தது.

முத்து உள்ளூர்க் கலப்பின நாய். ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாகச் சொல்வார்களே, அந்த வகை. இத்தகைய நாய்களை வீவக வீடுகளில் தத்தெடுத்து வளர்க்க வழிவிடும் ‘அடோர்’ திட்டம் 2012ல் தொடங்கியது. அந்தத் திட்டத்தின்கீழ்தான் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பா தவறி ஓராண்டு ஆகியிருந்த நேரம். நான் வேலைக்குப் போய்விடுவேன். தம்பி தேசிய சேவையில் இருந்தான். பகல் முழுவதும் அம்மாவுக்குப் பேச்சுத் துணை முத்துதான். இரண்டு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடின.

பிறகு இந்த நக்கல் தொடங்கியது. அடுத்து, காதுக்குள் ஒரு புளித்த வாடை. தலையை அடிக்கடி உதறினான். ஒரு நாளைக்கு இரண்டு முறை வெளிக்குப் போனவன் நான்கு முறை போகத் தொடங்கினான், அதுவும் இளகலாக.

“உடம்புச் சூடு” என்றார் அம்மா. தேக்காவிலிருந்து வேப்பிலை வாங்கிவந்து, கொதிக்க வைத்து, ஆறிய தண்ணீரால் குளிப்பாட்டினார். முத்துவுக்கு அந்தக் குளியல் பிடித்திருந்தது. அரிப்பு மட்டும் போகவில்லை.

முதலில் மற்ற காரணங்கள்

கால்நடை மருத்துவர் முதல் நாளே உணவைப் பற்றிப் பேசவில்லை. பல் நெருக்கமான சீப்பால் ரோமத்தை வாரித் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். தோலை மெல்லச் சுரண்டி, சொறிப்பூச்சிக்காக நுண்ணோக்கியில் பார்த்தார். மலத்தைப் பரிசோதித்துக் குடற்புழு இல்லை என்று உறுதி செய்தார். காதிலிருந்து பஞ்சால் எடுத்த அழுக்கில் ஈஸ்ட் எனும் பூஞ்சை நிறைய இருந்தது. சொட்டு மருந்து கொடுத்தார். பத்தே நாளில் காது சுத்தமானது. ஒரு மாதத்தில் பழையபடி ஆனது. மீண்டும் மருந்து, மீண்டும் அதே கதை.

மூன்றாவது முறை போனபோது அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. ஈஸ்ட் நோயின் வேர் அல்ல, விளைவு. தோல் ஏதோ ஒன்றால் அழன்று ஈரமாகும்போது, ஏற்கெனவே அங்கு இருக்கும் பூஞ்சை பெருகிவிடுகிறது. பூஞ்சையை மட்டும் அழித்தால், அது திரும்ப வரத்தான் செய்யும்.

அந்த ‘ஏதோ ஒன்று’ வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியாக இருக்கலாம். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அவை ஆண்டு முழுவதும் இருக்கும். அல்லது உணவாக இருக்கலாம். இரண்டுமே பாதம், காது, அக்குள், தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில்தான் அரிப்பைக் கொண்டுவரும். தோலைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தோலோடு வயிறும் சேர்ந்து கெட்டால், உணவின்மீது சந்தேகம் கூடுகிறது. முத்துவுக்கு இரண்டும் இருந்தன.

ஒவ்வாமை வேறு, ஒத்துக்கொள்ளாமை வேறு

நாம் பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம். மருத்துவத்தில் அவை வேறு வேறு.

உணவு ஒவ்வாமையில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம், உணவிலுள்ள ஒரு புரதத்தை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. தோல் அரிப்பு, காது அழற்சி, சில சமயம் வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் அந்தச் சண்டையின் விளைவுகள். உணவு ஒத்துக்கொள்ளாமையில் இந்தச் சண்டை இல்லை. உடலால் அந்தப் பொருளைச் சரியாகச் செரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். பால் நல்ல எடுத்துக்காட்டு. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குட்டி வளர வளரக் குறைந்துவிடுகிறது. அதனால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் குடித்தால் வயிறு கலங்கும், வாயு சேரும்.

“ரெண்டு வருஷமா இதே கோழிதானே சாப்பிடுறான்? இப்ப மட்டும் எப்படி ஒத்துக்காமப் போகும்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு புரதத்தைப் பலமுறை சந்தித்த பிறகுதான் உடல் அதற்கு எதிராகத் திரும்புகிறது. எனவே புதிதாகக் கொடுத்ததை மட்டும் சந்தேகிப்பதில் பயனில்லை. நாள்தோறும் தட்டில் விழும் உணவும் சந்தேகப் பட்டியலில் இருக்க வேண்டும்.

தோலில் உணவு ஒவ்வாமை கண்ட 297 நாய்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவற்றில் மாட்டிறைச்சி 34 விழுக்காட்டு நாய்களுக்கும், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13 விழுக்காட்டு நாய்களுக்கும் ஒத்துவரவில்லை. தானியம்தான் குற்றவாளி என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் பட்டியலின் மேலே இருப்பவை இறைச்சியும் பாலும்.

நான் செய்த தவறுகள்

இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்குள் நான் செலவழித்த பணத்துக்குக் கணக்கு இல்லை. முதலில் கோழி உணவை நிறுத்திவிட்டு ஆட்டிறைச்சி உணவு வாங்கினேன். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று தானியமற்ற சால்மன் மீன் உணவுக்கு மாறினேன். பொட்டலத்தின் முன்பக்கம் பெரிய மீன் படம். பல நாள் கழித்துப் பின்பக்கத்தைப் படித்தபோதுதான், நான்காவது வரியில் ‘கோழி மாவு’ என்று இருந்ததைக் கவனித்தேன்.

அடுத்து, இணையத்தில் ஒரு எச்சில் பரிசோதனைப் பெட்டி வாங்கினேன். பஞ்சை முத்துவின் கன்னத்தில் தேய்த்து அனுப்பினால் போதும் என்றார்கள். அவனுக்கு ஆகாதவை என்று நீண்ட பட்டியல் வந்தது. அவன் வாழ்நாளில் முகர்ந்தே பார்த்திராத உணவுகளும் அதில் இருந்தன. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். இத்தகைய ஒரு பரிசோதனைக்கு ஆய்வாளர்கள் நாய்களின் ரோமத்தோடும் எச்சிலோடும் செயற்கை ரோமத்தையும் வெறும் உப்பு நீரையும் சேர்த்து அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். 2019ல் வெளிவந்த அந்த ஆய்வில், உண்மையான நாய்க்கும் பொய் மாதிரிக்கும் பரிசோதனையால் வேறுபாடு காட்ட முடியவில்லை. நாய்களின் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையையும் நம்ப முடியாது என்றார் மருத்துவர்.

“அப்படியானால் எதைத்தான் நம்புவது?” என்றேன்.

“உங்கள் வீட்டில் இருப்பவர்களை. எட்டு வாரத்துக்கு” என்றார்.

சோதனை என்பது இதுதான்

இதன் பெயர் விலக்கு உணவுச் சோதனை. நாய் இதுவரை சாப்பிட்டறியாத ஒரே ஓர் இறைச்சியையும் ஒரே ஒரு மாவுச்சத்தையும் மட்டும் கொடுப்பது ஒரு வழி. புரதத்தைச் சின்னஞ்சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் ‘ஹைட்ரலைஸ்டு’ உணவைக் கொடுப்பது இன்னொரு வழி. துண்டுகள் மிகச் சிறியவை என்பதால் பெரும்பாலும் எதிர்ப்பு மண்டலம் அவற்றை அடையாளம் கண்டுகொள்வதில்லை. முத்து முன்பு என்னென்ன சாப்பிட்டான் என்று எங்களுக்குத் தெரியாது. தத்தெடுத்த பிள்ளையின் முற்கதை யாருக்குத் தெரியும்? அதனால் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம்.

கடைகளில் ‘ஒரே இறைச்சி’ என்று விற்கும் சாதாரண உணவுகள் இதற்குப் போதாது. ஒரே இயந்திரத்தில் பல உணவுகளைத் தயாரிக்கும்போது, பொட்டலத்தில் குறிப்பிடாத இறைச்சியும் கலந்துவிடுகிறது. மருத்துவர் பரிந்துரைக்கும் உணவு விலை அதிகம்தான். நான் அதுவரை வீணாக்கிய தொகையோடு ஒப்பிட்டால் குறைவு.

ஏன் எட்டு வாரம்? வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தெளியும். தோல் ஆற நாள் பிடிக்கும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஐந்து வாரத்தில் தேறுகின்றன என்றும், எட்டு வாரம் காத்திருந்தால் அது 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது என்றும் 2015ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இரண்டு வாரத்தில் பொறுமை இழந்த நான் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பழைய உணவில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் முழுவதும் மாறினோம். அன்றிலிருந்து எட்டு வாரம் அந்த உணவும் தண்ணீரும் மட்டும். வேறு எதுவும் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். தேதி, சொறிதல், காது, மலம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அன்றன்று எழுத வேண்டும்.

மூன்றாவது வாரம்

இரண்டாவது வார முடிவில் வயிறு சரியானது. அரிப்பு ஏழிலிருந்து நான்குக்கு இறங்கியது. மூன்றாவது வாரத்தில் ஒரு திங்கட்கிழமை எல்லாம் தலைகீழானது. மலம் இளகியது. மறுநாள் இரவு மறுபடியும் ‘சளப், சளப்’.

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்து விசாரணை நடத்தினேன். தம்பியிடம் தொலைபேசியில் கேட்டதும் ஒப்புக்கொண்டான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது, பொரித்த கோழியின் தோலைக் கொடுத்திருக்கிறான். “கொஞ்சூண்டுதான்கா” என்றான்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தினம் ஒரு துண்டு. குழம்புலேருந்து எடுத்து, நல்லாக் கழுவித்தான் குடுத்தேன்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோழி என்பதால் மட்டுமல்ல. வெங்காயமும் பூண்டும் நாய்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பில் ஊறிய இறைச்சியைக் கழுவினாலும் அவற்றின் சாறு போகாது. அதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அம்மா எழுந்து போகவில்லை. “நான் சாப்பிட உக்காந்தா, அது எதிர்ல வந்து உக்காருது. உங்கப்பா போன பிறகு நான் சாப்பிடுறப்ப எதிர்ல உக்கார்றது அது ஒண்ணுதான். அதுக்கு எப்படிம்மா குடுக்காம சாப்பிடுவேன்?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. எட்டு வாரம் யாரும் எதுவும் கொடுக்கக்கூடாது என்று தாளில் எழுதி ஒட்டியவள் நான். அது யாரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

அன்றிரவு இன்னொன்றும் தெரிந்தது. மாதத்தின் முதல் நாள் இதயப்புழு தடுப்பு மாத்திரை கொடுப்பது என் வேலை. முத்து அதை மிட்டாய்போலச் சாப்பிடுவான். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மாட்டிறைச்சிச் சுவையூட்டியது. ஆக, விசாரணை நடத்தியவளும் குற்றவாளிதான். (அந்த மருந்தை நிறுத்தக்கூடாது. சுவையூட்டாத வகைக்கு, அல்லது கழுத்தின் பின்புறத் தோலில் விடும் மருந்துக்கு மாற்றித் தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம். சுவையூட்டிய பற்பசைக்கும் மெல்லும் குச்சிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.)

மருத்துவர் திட்டவில்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது என்றார். வாரக் கணக்கை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். கூடவே ஒரு யோசனையும் தந்தார். முத்துவின் அன்றாட அளவிலிருந்தே ஒரு பிடி உணவைத் தனியாக எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். அம்மா எப்போது வேண்டுமானாலும் அதைக் கொடுக்கலாம்.

மேரி பிஸ்கட் தகர டப்பா ஒன்று காலியாக இருந்தது. நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதில் அந்த ஒரு பிடியைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா தட்டின் முன் அமர்ந்தால் டப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அவர் ஒரு வாய், முத்துவுக்கு ஒரு மணி. அதைக் கோழித் துண்டுக்குக் காட்டிய அதே ஆசையோடு வாங்கிக்கொண்டான். அவன் எதிர்பார்த்தது கோழியை மட்டும் அல்ல போலிருக்கிறது.

புளோக்கின் கீழ்த்தளத்தில் கோழிச் சோற்றுப் பொட்டலத்தோடு அமர்ந்திருக்கும் சீனத் தாத்தாவும் முத்துவின் நண்பர். அவருக்காக, ‘எனக்கு ஒவ்வாமை, உணவு தராதீர்கள்’ என்று சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டையைக் கழுத்துப் பட்டையில் மாட்டினோம். அவர் படித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். அதன்பின் தலையைத் தடவிக் கொடுப்பதோடு சரி.

குணமான பிள்ளைக்கு மறுபடியும் கோழியா?

புதிய கணக்கில் ஆறாவது வாரம், நக்கும் சத்தம் நின்றது. எட்டாவது வாரம் காது காய்ந்து சுத்தமாக இருந்தது. தாளில் அம்மா தம் கையெழுத்தில் ‘அரிப்பு 1’ என்று எழுதியிருந்தார்.

சோதனை முடிந்தது என்று நினைத்தோம். மருத்துவர், இப்போதுதான் பாதி என்றார். பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “குணமான பிள்ளைக்கு மறுபடியும் அதையே குடுக்கிறதா?” என்றார். எனக்கும் தயக்கம்தான். ஆனால் காரணம் சரியாக இருந்தது. காது மருந்தால் குணமாகியிருக்கலாம். தூசி குறைந்ததால் இருக்கலாம். தற்செயலாகவும் இருக்கலாம். பழைய உணவு வந்ததும் அரிப்பும் வந்து, அதை நிறுத்தியதும் அரிப்பு நின்றால்தான் உணவு என்று உறுதியாகும். பொதுவாக இரண்டு வாரத்துக்குள் பதில் தெரிந்துவிடும். அடையாளம் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும்.

நான்காம் நாள் இரவு நக்கத் தொடங்கினான். நிறுத்தினோம். பத்து நாளில் அடங்கியது.

பிறகு ஒவ்வொரு பொருளாகக் கொடுத்துப் பார்த்தோம். அவித்த கோழி: அரிப்பு வந்தது. கோதுமை: ஒன்றும் ஆகவில்லை. முட்டை: ஒன்றும் ஆகவில்லை. பால்: சொறியவில்லை, ஆனால் இரண்டாம் நாளே வயிறு இளகியது. ஆக, கோழி ஒவ்வாமை, பால் ஒத்துக்கொள்ளாமை. ஒரே நாயிடம் இரண்டும். மாட்டிறைச்சி எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாது. அதனால் அதைச் சோதிக்காமலே தவிர்த்துவிட்டோம்.

உங்கள் வீட்டு நாய்க்கும் இப்படி இருந்தால்

• பாதம் நக்குதல், அடிக்கடி வரும் காது அழற்சி, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தல், ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் மலம் கழித்தல், அடிக்கடி வாந்தி, வாயு ஆகியவற்றைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

• முதலில் மருத்துவரிடம் காட்டித் தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, குடற்புழு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

• உணவை அடிக்கடி மாற்றாதீர்கள். பல இறைச்சிகளைச் சுவைத்த நாய்க்குச் சோதனைக்கான புதிய இறைச்சி கிடைப்பது கடினம்.

• பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்.

• வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க விரும்பினால் மருத்துவரிடம் அளவு கேளுங்கள். வெறும் இறைச்சியும் சோறும் நெடுநாளுக்குப் போதாது. குட்டிகளுக்கு இது மிகவும் முக்கியம்.

• முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், இரத்தம் கலந்த மலம், நிற்காத வாந்தி இருந்தால் சோதனைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

• சோதனை தொடங்கும் முன் வீட்டிலுள்ள அனைவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். தாத்தா, பாட்டி, பிள்ளைகள், பணிப்பெண் எல்லாரும்தான். யார் எப்போது என்ன கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ‘கொடுக்காதே’ என்று மட்டும் சொல்லாமல், அதற்குப் பதில் எதைக் கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

இந்தக் கடைசிக் குறிப்பை நான் முதலிலேயே செய்திருந்தால் எங்களுக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்; அம்மாவிடம் குரல் உயர்த்தியிருக்கவும் மாட்டேன்.

முத்து இப்போது கோழி சேராத உணவு சாப்பிடுகிறான். சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் சோதித்துப் பார்த்தோம், ஒத்துக்கொண்டது. அம்மா அதை வேகவைத்து, சிறு சிறு துண்டுகளாக நறுக்கி அந்த மேரி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார். டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டால், வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் முத்து அம்மாவுக்கு எதிரே வந்து அமர்ந்துவிடுவான்.